போர்வைக் கூடம்

வெள்ளத்தில் வீடிழந்தவர்களுக்குக் கம்பளிப் போர்வை பின்ன ஆள் திரட்டியவர் டாக்டரம்மா. காலையில் கூடத்துக்குள் தயங்கித் தயங்கி வந்தவளின் கையிலும் நூலையும் ஊசியையும் திணித்து உட்கார வைத்தார்.

மாலையில் அவள் பின்னியதைப் பிரித்துப் போட்டார். "ஓரமெல்லாம் கோணல். தானம்னா ஏனோதானோன்னு செய்யலாமா?"

அவள் மறுபடி பின்னத் தொடங்கினாள்.

அப்போது வெள்ள நிவாரண முகாம் அதிகாரி உள்ளே வந்தார். அவளைப் பார்த்ததும், "இங்கயா இருக்கீங்க? உங்களை எங்கெல்லாம் தேடறது?" என்றார்.

டாக்டரம்மா திகைத்தார். "நீ முகாம்ல இருக்கறவளா? வந்ததுமே சொல்றதுக்கென்ன?"

"பிள்ளை காய்ச்சல்ல நடுங்குறான், ஒரு போர்வை குடுங்கன்னு கேட்கத்தான் வந்தேன். பின்னினாத்தான் தருவீங்களாக்கும்னு நெனச்சேம்மா."

டாக்டரம்மா பதறிப்போய் அடுக்கிலிருந்து ஒரு போர்வையை உருவி நீட்டினார்.

அவள் முகத்தைப் பார்க்காமல் அதிகாரி அதை வாங்கிக்கொண்டார்.

"பிள்ளையை இதுலயே சுத்தி அடக்கம் பண்ணிடலாம்."