பயிற்சிக் கணக்கு

போர் தொடங்கிவிட்டது. பாதுகாப்புத் துறையின் நிதி ஒப்புதல்தான் வரவில்லை. அதுவரை தோட்டாக்கள் பயிற்சிக் கணக்கில் வந்தன. பயிற்சி என்றால், சுட்ட பிறகு காலிப் பித்தளை உறைகளைப் பொறுக்கித் திருப்பித் தர வேண்டும். தந்தால்தான் அடுத்த பெட்டி.

“எதிர்ல சுடறவனும் பயிற்சியா சார் பண்றான்?” சுபேதார் மாசிலாமணி வயர்லெஸ்ஸில் கத்தினார்.

“ஃபைல் இன்னும் நிதிப் பிரிவுல கிடக்குய்யா. நான் என்ன பண்றது? பொறுக்கி அனுப்பு,” என்றார் தலைமையகத்து மேஜர்.

உறை பொறுக்கப் போன சிப்பாய் துரைக்கண்ணுவைச் சாயங்காலம் பிணமாகத் தூக்கி வந்தார்கள். வலது கை இறுக மூடியிருந்தது. விரலிடுக்கில் பித்தளை மின்னியது.

“உறை குறையுதே, மாசிலாமணி?” என்றார் மேஜர் வயர்லெஸ்ஸில்.

“குறையறதைப் போர்க் கணக்குல எழுதிக்குங்க சார்.”

மாசிலாமணி அந்தக் கையைப் பிரிக்காமல் போர்வைக்குள் வைத்தார்.