யோஹாண்டி வீசிய பந்து

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, டொமினிக்கன் தேசத்தில் எங்கள் கரும்புத் தோட்டத்துப் பேஸ்பால் ஆட்டத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை யோஹாண்டி வீசிய பந்தை எதிரணியில் ஒருவனாலும் தொட முடியவில்லை. "யோஹாண்டி! யோஹாண்டி!" என்று ஊரே கத்தியது. அவன் தாய் மிலாக்ரோஸ் மட்டும் தலை குனிந்திருந்தாள்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? நீயும் கத்துடி! அமெரிக்காவுக்கு ஆள் எடுக்கறவர் இங்கதான் பாக்கறாரு," என்று இடித்தாள் பக்கத்து வீட்டு நீவெஸ்.

ஆட்டம் முடிந்ததும் அவர் நேரே மிலாக்ரோஸிடம் வந்தார். "பதினாறு வயசுல என்னமா வீசறான்! ரெண்டு வயசு கூட இருந்தா திரும்பிக்கூடப் பாத்திருக்க மாட்டேன். மூத்தவன் ஒருத்தன் இருந்தானாமே?"

"வில்கின். மழைக்காலத்துக் காய்ச்சல்ல போயிட்டான் ஐயா."

"கல்லறையைப் பாத்துட்டுத்தான் வர்றேன். விசாரிக்காம எடுக்க மாட்டோம். நாளைக்குக் காலையில பையனைக் கூட்டிட்டுப் போறேன்."

அவர் வண்டி மறைந்ததும் ஊரார் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

மிலாக்ரோஸ் மகனோடு கல்லறைக்குப் போனாள். சிலுவையில் 'வில்கின்' என்றிருந்தது. பழைய பெயரின்மேல் பெயிண்ட் பூசி அவளே மாற்றி எழுதியது. மண்ணுக்குள் கிடந்தவன் இளையவன், யோஹாண்டி.

பக்கத்தில் நின்ற பதினெட்டு வயது மூத்தவன் அழுதான். "அம்மா, ஒரே ஒரு தடவை என்னை வில்கின்னு கூப்பிடும்மா."

"வில்கின் செத்துட்டான்டா, யோஹாண்டி," என்றாள் அவள். "பத்திரமாப் போயிட்டு வா."

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் அவரவர் பெயரோடு நூறாண்டு வாழட்டும், கண்ணுகளா.