வலி போன ராத்திரி

“பகல்ல சும்மா இருக்கிற பல், ராத்திரியானா ஏன் டாக்டர் உயிரை வாங்குது?” என்று கேட்டார் பெரியவர்.

“படுத்தா தலைக்கு ரத்தம் கூடுதலா பாயும். அதோட, வீடு அடங்கினதும் கவனமெல்லாம் வலி பக்கமே போயிடும்,” என்றார் பல் டாக்டர்.

“எங்க வீடு எப்பவும் அடங்கின வீடுதான். ஒருத்தர் குரலும் தெருவுல கேட்டதில்லை.” கன்னம் வீங்கியிருந்தும் பெரியவர் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார்.

“பிடுங்கிடுங்க டாக்டர். பாவம், அப்பா ராத்திரியெல்லாம் ஹால்லயே நடக்கிறாரு,” என்றான் மகன்.

“வேண்டாம் மாமா,” என்றாள் மருமகள். “இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமே.”

“வலிக்கிறது எனக்கு, உனக்கில்லைம்மா.” பெரியவருக்குச் சுருக்கென்றது. பெற்ற பிள்ளைக்கு இருக்கும் அக்கறை வந்தவளுக்கு இருக்குமா?

பல்லைப் பிடுங்கியாயிற்று. மகன் கைத்தாங்கலாக வீட்டுக்கு அழைத்து வந்தான். “இன்னைக்காவது அசந்து தூங்குங்கப்பா,” என்று மாத்திரையும் தண்ணீரும் எடுத்து வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போனான்.

பெரியவர் படுக்கப் போகும்போது மருமகள் வழியில் நின்றாள்.

“இன்னைக்கு ஹால்ல இருக்க மாட்டீங்களா மாமா?”

“எதுக்கு? வலிதான் விட்டுப்போச்சே.”

அவள் தலை குனிந்துகொண்டாள். “நீங்க முழிச்சு நடந்த ராத்திரிகள்லதான் அவரு என்னை அடிக்காம இருந்தாரு.”

அறைக்குள்ளிருந்து மகனின் குரல் தணிவாக வந்தது. “அப்பா தூங்கிட்டாரா?”

பெரியவர் மாத்திரையைத் தொடவில்லை. ஹால் நாற்காலியை இழுத்து அந்தக் கதவுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

“இல்லடா,” என்றார், தெருவுக்கே கேட்கும்படி. “இனிமே தூங்க மாட்டேன்.”