மாடி வாசனை

"லின்தோய், கதவைத் திற. உன்கிட்ட ஒண்ணு பேசணும்."

வீட்டுக்காரம்மா பிரேமலதாவின் குரல். லின்தோய் பிஸ்கட்டை வைத்துவிட்டு எழுந்தாள். எழுந்த வேகத்தில் தலை சுற்றியது. சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

இதற்குத்தான் பயந்துகொண்டிருந்தாள். மணிப்பூரிலிருந்து திருச்சிக்கு நர்ஸ் வேலைக்கு வந்தவள். முன்பு இருந்த வீடுகளிலெல்லாம் அவளைக் காலி செய்ய வைத்தது சமையல் வாசனைதான். அம்மா அனுப்பும் புளித்த மீன் இல்லாமல் அவளுக்குச் சோறு இறங்காது. ஸ்ரீரங்கத்தில் இந்த மாடி அறை கிடைத்ததே பெரிய விஷயம்.

போன மாதம் எதிர்வீட்டு மாமி வாசலில் வைத்துக் கேட்டுவிட்டாள்.

"ஏண்டிம்மா, மாடியில என்னதான் சமைக்கறே? தெருவே நாறறதே!"

பிரேமலதா பக்கத்தில்தான் நின்றாள். வாயே திறக்கவில்லை. அன்றோடு லின்தோய் அடுப்பைப் பற்ற வைப்பதை நிறுத்தினாள். ரொட்டி, பிஸ்கட், கடை டீ என்று நாள் ஓடியது.

கதவைத் திறந்தாள்.

"அக்கா, நான் இப்ப எதுவும் சமைக்கிறதே இல்ல. சத்தியமா."

"அதான் தெரியுதே. கண்ணாடியில பாத்தியா? கன்னம் ஒட்டிப்போச்சு. வார்டுல மயங்கி விழுந்தியாமே?"

"விழல அக்கா. உக்காந்துட்டேன்."

"ரொம்ப முக்கியம்! டாக்டர் என்ன சொன்னாரு?"

"ரத்தம் கம்மியாம். ஊசி போட்டாங்க. நல்லா சாப்பிடணுமாம்."

"ஊருக்கெல்லாம் ஊசி போடுற பொண்ணு, உனக்கே ஊசியா?"

பிரேமலதா அறைக்குள் வந்து மூக்கை உறிஞ்சினாள். லின்தோய் அவசரமாக ஜன்னல் பக்கம் கையைக் காட்டினாள்.

"ஒரு வாசனையும் இருக்காது அக்கா. ஜன்னலைத் திறந்தே வச்சிருக்கேன். வேற வீடு பாக்கச் சொல்லாதீங்க. எங்க முகத்தைப் பாத்தாலே வீடு இல்லைன்னு சொல்றாங்க."

"உன்னை யாரு போகச் சொன்னா? முதல்ல அடுப்பைப் பத்த வை. அந்த மீனை எடுத்து இன்னிக்கே சமை."

"இன்னிக்கா? மாமி கேட்டா?"

"கேக்கட்டும். சாப்பாட்டுல கை வைக்க அவங்க யாரு? நான் பதில் சொல்லிக்கறேன்."

லின்தோய்க்குக் கண் கலங்கியது.

"உங்களுக்கு ரொம்ப நல்ல மனசு அக்கா."

"நல்ல மனசாவது ஒண்ணாவது!"

பிரேமலதா படிக்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அன்னிக்கு மாமி மூக்குல ஏறினது உன் மீனே இல்ல. நான் கீழே வறுத்த நெத்திலிக் கருவாடு. மாடிப் பொண்ணுன்னு சொல்லித்தான் இத்தனை நாளா தப்பிச்சுக்கிட்டு இருந்தேன். நீ பாட்டுக்கு சமையலை நிறுத்திட்டா, நான் யார் பேரைச் சொல்லி வறுக்கிறது?"