பதினோராவது பொருத்தம்

ஓசூர் கிளினிக்கின் ரிசப்ஷன் பெண், அம்மாவையும் மகளையும் ஏற இறங்கப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"பால்வினை நோய் டெஸ்ட்டா? யாராச்சும் பாத்தா தப்பா நினைப்பாங்களே. கர்நாடகா பக்கம் அத்திப்பள்ளி போயிருந்தா தெரிஞ்ச மூஞ்சி இருக்காது."

"எதுக்கு பார்டர் தாண்டணும்? திருடிட்டா வந்திருக்கோம்?" என்றாள் அம்மா மணிமேகலை. "அடுத்த மாசம் கல்யாணம். அதுக்கு முன்னாடி பாத்துடணும்."

கம்பெனிச் சீருடையில் நின்ற மகள் அருணாவை ரிசப்ஷன் பெண் பரிதாபமாகப் பார்த்தாள். "ஜாதகம் பாத்திருப்பீங்க இல்ல? அது போதாதா?"

"மொத கல்யாணத்துக்குப் பத்துக்கு ஒம்பது பொருத்தம் இருந்துச்சு. கட்டுனவன் நோயக் குடுத்துட்டு, பழியப் பொம்பள மேல போட்டு, வீட்ட விட்டுத் தொரத்துனான். இந்தத் தடவ மொதல்ல ரத்தம். அப்புறந்தான் தாலி."

ரத்தம் எடுக்க வந்த நர்ஸ், அருணாவிடம் "கைய நீட்டும்மா" என்றாள்.

மணிமேகலை முன்னால் வந்து தன் கையை நீட்டினாள். "கல்யாணம் எனக்கு."

ரிசப்ஷன் பெண் மணிமேகலை பக்கம் திரும்பினாள். "மாப்பிள்ளை... இதுக்கெல்லாம் ஒத்துக்குவாரா?"

உள்ளறைக் கதவு திறந்தது. பேரிகை கிராமத்தில் ரோஜாத் தோட்டம் வைத்திருக்கும் திம்மராயன், முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்தியபடி வெளியே வந்தார். "எனக்கு எடுத்தாச்சு மணி."

"ஒத்துக்கிட்டதாலதான் அவரு மாப்பிள்ளை" என்றாள் அருணா. "ரெண்டு ரிப்போர்ட்டையும் என் கையில குடுங்க. பொண்ணு வீட்ல பெரியவ நான்தான். பொருத்தம் நான்தான் பாக்கணும்."