வெறும் தூக்கு

"தூக்கை எப்பக் கொண்டு வருவேட்டீ?" என்று ஆச்சி போனில் கேட்கும்போதெல்லாம் உமையாளுக்கு எரிச்சல்தான் வரும். ஒரு தீபாவளிக்கு அதிரசம் போட்டுக் கொடுத்தனுப்பிய பழைய எவர்சில்வர் தூக்கு அது. அதைக் கொடுப்பதற்காகச் சென்னையிலிருந்து அம்பாசமுத்திரம் வரைக்கும் போக வேண்டுமா? கடைக்குப் போய் அதைவிடப் பெரிதாகப் புதுசு ஒன்று வாங்கிப் பார்சலில் அனுப்பிவிட்டாள். அதற்குப் பிறகு ஆச்சி கேட்கவே இல்லை. விட்டது தொல்லை என்று உமையாளும் இருந்துவிட்டாள்.

ஆச்சியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் சித்தி பாத்திரங்களைப் பங்கு வைத்தாள். பித்தளை அண்டா பெரியம்மாவுக்குப் போயிற்று. உமையாள் முன்னால் அந்தப் புதுத் தூக்கு வந்து உட்கார்ந்தது. மூடியில் 'உமையாள்' என்று பெயர் வெட்டியிருந்தது.

"இது நான் ஆச்சிக்கு அனுப்பினதுல்லா சித்தி?"

"உன் பாத்திரம்னு சொல்லி ஆச்சிதான் பேரு வெட்ட வச்சா. வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாதாம். நீ வந்தா கொடுக்கணும்னு நிறைச்சு வச்சிருந்தா. பழசானா கொட்டிட்டு வேற போடுவா."

திறந்தாள். கழுத்து வரைக்கும் மணத்தக்காளி வத்தல். உப்பும் மோரும் வெயிலுமாக ஒரு வாசனை மேலே வந்தது.

பழைய தூக்கையும் அவள் பையில் கொண்டுதான் வந்திருந்தாள். அதில் ஒரு பிடி சர்க்கரைகூடப் போட்டுவரத் தோன்றவில்லை.

"உன்கிட்டேயும் ஆச்சி தூக்கு ஒண்ணு கிடக்குமே, எங்கட்டீ?" என்றாள் சித்தி.

உமையாள் பையைக் காலால் மெல்லப் பின்னுக்குத் தள்ளினாள். உள்ளே தூக்கின் மூடி கலகலவென்று ஆடியது.