அப்பாவின் காது

கதவைத் திறந்ததும் மகனுக்கு முகம் மாறிவிட்டது. வாசலில் கீழ்வீட்டு டெய்லர் நின்றுகொண்டிருந்தார்.

இரண்டு வருஷமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. மேல்வீட்டு பாத்ரூம் தண்ணீர் கீழ்வீட்டுச் சுவரில் இறங்குகிறது என்று ஆரம்பித்த சண்டை. வார்த்தை தடித்துப்போய், இனி இந்தப் படி ஏறமாட்டேன் என்று டெய்லர் சொன்னதோடு முடிந்தது. சொன்னபடியே இருந்தார். மூன்று வாரத்துக்கு முன்னால் அப்பா போனபோது துக்கம் கேட்கக்கூட அவர் படியேறவில்லை.

"என்ன விஷயம்?" என்றான் மகன், கதவை முழுசாகத் திறக்காமல்.

"பேப்பர் நிறுத்திட்டீங்களா தம்பி?"

எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று ஒரு ஜென்மம். துணிக்கு அளவு வெட்டப் பழைய பேப்பர் வேண்டுமாக்கும்.

ஆனாலும் பேப்பர் என்றதும் மகனுக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது. தினமும் காலை ஆறரைக்கு அப்பா பால்கனி நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். தலைப்புச் செய்தியிலிருந்து வானிலை வரைக்கும் தெருவுக்கே கேட்கிற மாதிரி படிப்பார். இரண்டு வருஷமாக அவருக்குக் காது சுத்தமாகக் கேட்காது. தன் குரலே தனக்குக் கேட்காதவரிடம் மெதுவாகப் படியுங்கள் என்று சொல்லி என்ன பிரயோஜனம்? தெருவில் அவருக்கு 'லவுட்ஸ்பீக்கர்' என்றே பெயர். மகன் ஆசையாக வாங்கித் தந்த காது மெஷின், பேட்டரியில் ஒட்டின ஸ்டிக்கர்கூட உரியாமல் அலமாரியில் கிடக்கிறது.

அந்தக் காதுதான் இப்போது அவனை அரித்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் கடைசி நாள் மத்தியானம் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "போயிடாதீங்கப்பா, உங்களை விட்டா எனக்கு யாரு இருக்கா?" என்றான். நாற்பத்தெட்டு வயசில் முதல் தடவையாகச் சொன்னான். கத்திச் சொல்லக் கூச்சம், சுற்றிலும் எட்டுக் கட்டில். அதனால் வாய்க்குள்ளேயே சொன்னான்.

அப்பா கண்ணைத் திறந்து, "சாப்பிட்டியா?" என்றார்.

இவன் ஒன்று சொல்ல, அவர் ஒன்று கேட்கிறார். மகன் பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சாயங்காலம் அப்பா போய்விட்டார். கூச்சப்படாமல் கத்தியாவது சொல்லியிருக்கலாம். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை மனசைத் திறந்தது, செவிடன் காதில் ஊதின சங்காகப் போய்விட்டதே என்று அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

"நிறுத்தியாச்சு. பழைய பேப்பர் வேணும்னா..."

"பழசு எனக்கு எதுக்கு தம்பி? புதுசே கண்ணுக்குத் தெரியாது."

அப்போதுதான் மகன் சரியாகப் பார்த்தான். டெய்லரின் ஒரு கை சுவரைப் பிடித்தபடி இருந்தது. பார்வை இவன் தோளுக்கு மேலே எங்கேயோ நின்றது. அவர் கடையை மூடிவிட்டு வீட்டோடு இருக்கிறார் என்பதுவரைதான் இவர்களுக்குத் தெரியும்.

ஊசியில் நூல் கோக்க முடியாமல் ஆரம்பித்ததாம். இப்போது வெளிச்சமும் நிழலும் மட்டும்தானாம். இனி என்ன இருக்கிறது என்று ஜன்னல் ஓரம் முடங்கிக் கிடந்த ஒரு காலையில், மேலே பால்கனியிலிருந்து பேப்பர் படிக்கிற சத்தம் கேட்டதாம்.

"அன்னியிலிருந்து ஒரு நாள் விடல. எனக்காகத்தான் படிச்சார்" என்றார் டெய்லர்.

மகன் பொறுமையாக எடுத்துச் சொன்னான். "நீங்க தப்பா நினைச்சுட்டீங்க. அப்பாவுக்குக் காது கேட்காது. அதான் அவ்வளவு சத்தம்."

டெய்லர் சிரித்துவிட்டார். "யாருக்கு, உங்கப்பாவுக்கா? அந்த வரியை இன்னொரு தடவைன்னு நான் கீழே உட்கார்ந்து முணுமுணுப்பேன். உடனே மேலேயிருந்து வரும். அவருக்குப் பாம்புக் காது தம்பி."

"அப்புறம் எதுக்கு..."

"நானும் ஒரு நாள் வாசல்ல அவரை நிறுத்திக் கேட்டேன். 'என் பிள்ளைக்கும் உங்களுக்கும் ஆகாது. வீட்டுல சண்டை எதுக்கு? செவிடன் கத்திப் படிச்சா ஏன்னு எவனும் கேட்க மாட்டான் டெய்லரே'ன்னார்."

உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த மருமகள் வாசலுக்கே வந்துவிட்டாள். "பொண்ணுக்குப் பரீட்சை, தனி ரூம் வேணும்னு மாமா பக்கத்துல உட்கார்ந்தே பேசினோமே..." என்றாள்.

பேசின மறுநாளே அப்பா தன் கட்டிலைத் தானாக ஹாலுக்கு இழுத்துக்கொண்டு வந்தார். ஹாலில்தான் காற்று வருகிறது என்றார். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்று இரண்டு பேரும் சந்தோஷப்பட்டார்கள். இன்னும் என்னென்ன பேசினோம் என்று யோசித்துப் பார்க்க இப்போது இரண்டு பேருக்குமே தைரியம் வரவில்லை.

மகன் டெய்லரின் கையைப் பிடித்துப் படியிறக்கிவிட்டான். நாளையிலிருந்து கீழே வந்து படிக்கட்டுமா என்று கேட்டான்.

"வேண்டாம் தம்பி, மேலேயிருந்தே வரட்டும்" என்றார் டெய்லர். "அவர் இருக்கிற மாதிரி இருக்கும்."

மறுநாள் மகன் கடையில் பேப்பர் வாங்கி வந்து, ஆறரைக்குப் பால்கனியில் உட்கார்ந்து தெருவுக்கே கேட்கிற மாதிரி படித்தான். நடுவில் இரண்டு தடவை குரல் உடைந்தது. கீழேயிருந்து யாரும் அவசரப்படுத்தவில்லை. வானிலை வரைக்கும் முடித்துவிட்டு எழுந்தபோது, மூன்று வாரத்தில் முதல் தடவையாகப் பசித்தது. தட்டில் வைத்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான்.

கையைக் கழுவிக்கொண்டு மறுபடி பால்கனிக்கு வந்தான். காலி நாற்காலியின் பக்கத்தில் நின்று, "சாப்பிட்டேன்பா" என்றான்.

மெதுவாகத்தான் சொன்னான். அப்பாவுக்குக் கேட்கும்.